அனுப்பியவர் யார், சொன்னவர் யார்?



2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில் ஓர் இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில் உணவருந்திக்கொண்டிருந்த ஒருவர், தமது உணவில் ஏதோ ஒரு கட்டி இருப்பதாகக் கூச்சலிட்டார். ஆண்களை மலடாக்கும் குளிசையை உணவில் கலந்திருக்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. ஆட்கள் திரண்டனர். கல்லாவில் நின்ற இளைஞருக்குச் சிங்கள மொழியில் போதிய பரிச்சயம் இல்லை. மாக்கட்டியைப் பற்றியே விசாரிக்கிறார்கள் என எண்ணி, அச்சத்தின் நடுவே, போட்டோம் என்று பொருள்படும் ஏதோ ஒரு பதிலைத் தடுமாறிக் கூறிவிட்டார். அதனை ஒருவர் கையடக்கத் தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்தார். அன்றிரவே அக்கடையும் நகரின் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த ஒளிப்பதிவோ முகநூலின் வழியாக நாடெங்கும் சென்றது.

அது வெறும் மாக்கட்டி என்பதையும், கருத்தடைப் பொருள் எதுவும் அதில் இல்லை என்பதையும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிசெய்தார். உணவில் தூவி ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய குளிசை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. ஆனால் அறிக்கை காகிதத்தில் வந்து சேர்வதற்குள் படம் கண்டிப் பிரதேசத்தை அடைந்துவிட்டிருந்தது. அங்கே தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவரின் மரணத்தையடுத்து, மார்ச் மாதத் தொடக்கத்தில் திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு, சுமார் ஒரு வாரம் அவ்வாறே இருந்தன. அவ்வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மே மாதம் வருத்தம் தெரிவித்தது.

இச்சம்பவத்தை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். நினைவுகூரும்போதெல்லாம், நம்பியவர்கள் அனைவரும் இனவாதிகள் என்று முடித்துவிடுகிறோம். இந்த முடிவு நமக்கு வசதியானது, ஆனால் முழுமையானதன்று. அவர்களுள் பலர் தம்மளவில் ஒரு சோதனையைச் செய்தே நம்பினர். 'கடைக்காரனே ஒப்புக்கொண்டான், அதை என் கண்ணால் கண்டேன்' என்பதே அச்சோதனை. கண்ணால் காண்பதும், குற்றம் சாட்டப்பட்டவர் தம் வாயால் ஒப்புக்கொள்வதும் நீதிமன்றத்தில்கூட மதிக்கப்படும் சான்றுகள் அல்லவா? பிழை அங்கே இல்லை. எந்தக் கேள்விக்கு அந்த இளைஞர் பதில் கூறினார், அக்கேள்வி அவருக்கு விளங்கியதா, ஒளிப்பதிவு தொடங்குமுன் அங்கே நடந்தது என்ன என்பவை அந்தப் படத்தில் இல்லை. இல்லாததை எவரும் தேடவுமில்லை.

எனவே, மனிதர்கள் ஆராயாமல் நம்புகிறார்கள் என்று சொல்வதைவிட, எதைக் கொண்டு ஆராய்கிறார்கள் என்று கேட்பதே பயனுள்ளது.

இக்கேள்வியை நம் பக்கமே திருப்பிப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது நான் அரபுக் கல்லூரி ஒன்றில் விடுதி மாணவன். சில வாரங்களில், களுத்துறைக் கரையோரத்தைச் செய்மதியிலிருந்து எடுத்த படம் ஒன்று எங்கள் கைகளுக்கு வந்தது. கரையிலிருந்து பின்வாங்கிச் சுழலும் நீரின் கோடுகள் அரபு எழுத்தில் 'அல்லாஹ்' என எழுதியதைப் போன்று தோற்றமளித்தன. நாங்கள் அதனைப் பிரதியெடுத்து விடுதிச் சுவரில் ஒட்டினோம். படம் உண்மையானதுதான், செய்மதியும் உண்மை, களுத்துறையும் உண்மை, நாளும் உண்மை. எங்கள் உஸ்தாத் ஒருவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, 'இதே அலையில் வேறொரு சமயத்தாரின் குறியீடு தெரிந்திருந்தால் இங்கே ஒட்டியிருப்பீர்களா?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். படத்தை நாங்கள் உடனே கழற்றவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பருவமழையில் அது தானாகவே விழுந்தது.

நாம் முன்னரே விரும்புகின்ற அல்லது அஞ்சுகின்ற ஒன்றைச் செய்தி உறுதிப்படுத்துமாயின், அதனிடம் நாம் கேட்கும் கேள்விகள் குறைந்துவிடுகின்றன. சிங்களக் கிராமத்தவருக்கு இனம் அழிந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. எங்களுக்கு எங்கள் இறைநம்பிக்கைக்குக் கண்கண்ட சான்று ஒன்று வேண்டும் என்ற ஆசை இருந்தது. இரண்டும் ஒரே வாசலால் நுழைந்தன. (நமது விருப்பத்தால் எவரது கடையும் எரியவில்லை என்பது பெரிய வேறுபாடுதான். ஆயினும் வாசல் ஒன்றே.)

அடுத்து நாம் நாடும் அளவுகோல், அனுப்பியவர் யார் என்பது. வட்ஸ்அப் குழுமத்தில் வரும் செய்தியை யார் எழுதினார் என்று நாம் பார்ப்பதில்லை. யார் அனுப்பினார் என்றே பார்க்கிறோம். 'மாமா அனுப்பினார், அவர் பொய் சொல்லமாட்டார்' என்கிறோம். மாமா பொய் சொல்லமாட்டார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அது போதுமா?

இவ்விடத்தில் ஹதீஸ் கலை அறிஞர்கள் பன்னெடுங்காலத்துக்கு முன்னரே செய்த ஒரு வேறுபாடு நமக்குக் கைகொடுக்கிறது. ஓர் அறிவிப்பாளரிடம் அவர்கள் இரண்டு பண்புகளைத் தனித்தனியே தேடினர். ஒன்று 'அதாலத்', அதாவது அவரது நேர்மையும் ஒழுக்கமும். மற்றையது 'ழப்த்', அதாவது கேட்டதைக் கேட்டவாறே பிழையின்றிக் காத்து வழங்கும் துல்லியம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையெனில் அவரது அறிவிப்பு பலவீனமானதாகிவிடும். மதீனாவின் பள்ளிவாசல் தூண்களருகே அமர்ந்திருந்த பல முதியவர்களைத் தாம் கண்டதாகவும், பொதுச் சொத்தையே நம்பி ஒப்படைக்கத்தக்க அளவு அவர்கள் நேர்மையாளர்களாக இருந்தபோதிலும், இக்கலைக்குரியவர்களாக இல்லாமையால் அவர்களிடமிருந்து எதனையும் தாம் பெற்றுக்கொள்ளவில்லை என்றும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கூறியதாக நமது நூல்களில் பதிவாகியுள்ளது. அம்முதியவர்களை அவர் இகழவில்லை. அவர்களிடம் பணத்தைக் கொடுத்து வைப்பார், செய்தியை வாங்கமாட்டார். நம் மாமாவும் அத்தகையவரே.

தொடர் அறுபட்டால் அறிவிப்பு தகுதி இழக்கும் என்பதும், இடையில் உள்ளவர் யாரென அறியப்படாதவராயின் அவர் 'மஜ்ஹூல்' என ஒதுக்கப்படுவார் என்பதும் அரபுக் கல்லூரியின் ஆரம்ப வகுப்பு மாணவருக்கும் தெரியும். அவ்வாறிருக்க, தொலைபேசியில் 'முன்னனுப்பு' என்னும் பொத்தான் என்ன செய்கிறது? தொடரை அறுப்பதே அதன் வேலை. முதலாமவரின் பெயரை நீக்கிவிட்டு உங்கள் பெயரை முன்னால் நிறுத்துகிறது. பத்துப் பேரைக் கடந்து வந்த செய்தியிலும் ஒரேயொரு அறிவிப்பாளர்தான் தெரிவார். அவரும் உங்களுக்குப் பிரியமானவராக இருப்பார். பலமுறை கைமாறிய செய்திகளின் மேல் இரட்டை அம்புக்குறி ஒன்றை அந்நிறுவனம் இடுகிறது. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பமுடியாதென 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உலகெங்கும் வரையறுத்தது. பலமுறை கைமாறியவற்றை ஒரே தடவையில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அந்த இரட்டை அம்பின் பொருள் யாதென எங்கள் ஜமாஅத்தில் ஒருமுறை விசாரித்தேன். 'முக்கியமான செய்தி' என்று ஒருவர் பதிலளித்தார். தூரத்தை உணர்த்துவதற்காக இட்ட குறியை அவர் தரச்சான்றாக வாசித்திருக்கிறார்.

பலரும் சொல்கிறார்கள் என்பது மற்றோர் அளவுகோல். நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. உமர் (ரழி) அவர்கள் மதீனாவின் புறநகரில் வசித்தார்கள். அவர்களும் அண்டை வீட்டு அன்ஸாரித் தோழர் ஒருவரும் முறைவைத்து நகருக்குச் சென்று, கேட்டவற்றை ஒருவருக்கொருவர் அறிவிப்பது வழக்கம். ஓர் இரவு அத்தோழர் வந்து கதவைப் பலமாகத் தட்டி, நபியவர்கள் தம் மனைவியரை விவாகரத்துச் செய்துவிட்டார்கள் என்றார். காலையில் உமர் (ரழி) பள்ளிவாசலுக்குச் சென்றபோது, மிம்பருக்கருகே சிலர் அழுதுகொண்டிருந்தனர். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? செய்தியைச் சொன்னவர் நம்பகமான தோழர். அழுகின்றவர்களோ ஒருவர் இருவரல்லர். ஆயினும் உமர் (ரழி) அவர்கள் நபியவர்கள் தங்கியிருந்த மேலறைக்குச் சென்று அனுமதி கேட்டார்கள். பதில் வரவில்லை. திரும்பிவந்து அமர்ந்தார்கள், மீண்டும் சென்றார்கள், மீண்டும் திரும்பினார்கள். இறுதியில் அனுமதி கிடைத்து உள்ளே சென்று நேரடியாகவே கேட்டார்கள். 'இல்லை' என்ற பதில் வந்தது.

இச்சம்பவத்தில் நான் மிகவும் வியப்பது இன்னொன்று. அச்செய்தியில் பாதி உண்மை இருந்தது. நபியவர்கள் ஒரு மாத காலம் மனைவியரைப் பிரிந்து தனித்திருந்தது உண்மை. தனித்திருந்ததைக் கண்டவர்கள் விவாகரத்து என்ற விளக்கத்தைத் தாமாகவே சேர்த்துக்கொண்டனர். கேட்டவர்களுக்கோ விளக்கமே செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. அம்பாறையிலும் கட்டி ஒன்று இருந்ததல்லவா? சமூக ஊடகங்களில் நம்மை வீழ்த்தும் செய்திகளில் முழுப்பொய்யை விட இத்தகையவையே அதிகம்.

சிலாபத்தில் 2019ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்ததும் அதுவே. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூல் விவாதம் ஒன்றில், அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அந்த வரி மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு, வரப்போகும் தாக்குதலுக்கான எச்சரிக்கையாகப் பரப்பப்பட்டது. சிலாபத்தில் தொடங்கிய வன்முறை மறுநாள் குருநாகல் மாவட்டத்துக்கும் மினுவாங்கொடைக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். ஒரு வரியைத் திரையில் படம்பிடித்து அனுப்பும்போது, அதற்கு முந்திய வரிகள் எங்கே என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஒரே செய்தியைப் பலமுறை கேட்பதாலேயே அது உண்மை போன்று தோன்றத் தொடங்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் மூவர் 1977ஆம் ஆண்டிலேயே பரிசோதனை மூலம் காட்டினர். அப்போது முகநூல் இல்லை, குழுமங்கள் இல்லை. இன்று ஒருவரே ஐந்து குழுமங்களில் இருக்கிறார். ஒரே குரல் பதிவு ஐந்து திசைகளிலிருந்து வரும்போது, ஐந்து சாட்சிகள் சொன்னதாக மனம் கணக்கிடுகிறது. ஊற்று ஒன்றாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழுவதில்லை. பொய்க்கு வேகமும் அதிகம். 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, 1500 பேரைச் சென்றடைவதற்குப் பொய்யை விட உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் தேவைப்பட்டதாகக் கண்டது. இதற்குக் காரணம் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் அவ்வாய்வாளர்கள் குறிப்பிட்டனர். பொய் எப்போதும் புதிதாக இருக்கிறது. புதியதை முதலில் சொல்பவர் என்ற பெயர் எவருக்குத்தான் கசக்கும்?

அறிஞர் சொன்னார், அதிகாரி சொன்னார் என்ற அளவுகோலைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. ஏனெனில் அதனால் நாம் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. கொரோனாவால் மரணித்தோரை எரிக்கவேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. அடக்கினால் நிலத்தடி நீரில் வைரசு கலந்துவிடும் என்று பட்டம் பெற்றவர்கள் தொலைக்காட்சியில் பேசினர். அத்துண்டுகள் சமூக ஊடகங்களில் சுற்றின. அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அப்போதே எல்லோரும் வாசிக்கத்தக்கதாக இருந்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அவ்விதி மாற்றப்பட்டது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்படத் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. பேசியவர்களிடம் பட்டம் இருந்தது உண்மை. அவர்களது பட்டம் எந்தத் துறைக்குரியது, அத்துறையின் ஏனையோர் என்ன சொல்கின்றனர் என்பவையே கேட்கப்படாத கேள்விகள். 2020 டிசம்பரில், கேகாலையில் ஒருவர் தயாரித்த பாணியை வாங்குவதற்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். வரிசையே அதற்குச் சான்றாயிற்று. அதைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சருக்கு அடுத்த மாதமே தொற்று உறுதியானது. நம்மவர்கள் சிரித்தார்கள். அந்நாட்களில் நமது குழுமங்களில் சுற்றிய கஷாயக் குறிப்புகளை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, இனி எதையுமே நம்பமாட்டேன் என்று எவரேனும் முடிவெடுத்தால் அதுவும் ஆபத்தே. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பல நாட்கள் முன்னரே வெளிநாட்டு உளவுத் தகவல் இந்நாட்டு அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்தது. தகவல் சரியானது, பெற்றவர்கள் உரியவாறு செயற்படவில்லை. அவ்வலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி உட்படப் பலர் நட்டஈடு செலுத்தவேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாவற்றையும் சந்தேகிப்பவருக்கும் எல்லாவற்றையும் நம்புபவருக்கும் பொதுவான ஒன்றுண்டு: இருவருமே விசாரிக்கும் சிரமத்திலிருந்து தப்பித்துவிடுகின்றனர்.

விசாரிப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்போர் ஆகிய மூன்று தரப்பினரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தனர். பேராசிரியர்களும் மாணவர்களும் கொடுத்த பக்கத்திலேயே தங்கி, அதன் தோற்றத்தையும் எழுத்தின் அழகையும் மேலும் கீழும் ஆராய்ந்து ஏமாந்தனர். தகவல் சரிபார்ப்போரோ சில நொடிகளில் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, இதனை நடத்துபவர் யார், இவரைப் பற்றி மற்றவர்கள் என்ன கூறுகின்றனர் என்று வேறிடங்களில் தேடினர். ஓர் அறிவிப்பாளரைப் பற்றி அவரிடமே கேட்காமல், அவரது ஊராரிடமும் சமகாலத்தவரிடமும் விசாரித்த நமது முன்னோரின் 'ஜர்ஹ், தஃதீல்' முறை இதுதான் என நான் வாசித்தபோது எண்ணினேன். படமாயின் கூகுளின் படத்தேடலில் இட்டால், அது முன்பு எங்கே வெளிவந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் இன்று குரலையும் முகத்தையும் கணினியே உருவாக்கிவிடுகிறது. ஆகவே படத்தை உற்றுப் பார்ப்பதை விட, முதலில் சொன்னவரைத் தேடுவதே நம்பத்தக்க வழியாகும். தேடுவதற்கு நேரமில்லையெனில், அனுப்புவதற்கும் நேரமில்லை என்று வைத்துக்கொள்ளலாமே.

செய்தி வந்தால் தெளிவு பெற்றுக்கொள்ளுமாறு பணிக்கும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் வசனம் வாசகர்கள் நன்கறிந்தது. நானே அதனைப் பல ஜும்ஆக்களில் விளக்கியிருக்கிறேன். விளக்கியவன் என்ன செய்தேன் என்பதையும் கேளுங்கள். 

சில ஆண்டுகளுக்கு முன், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், நண்பரொருவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. 'நம்மட சந்தியில இருக்கிற சாப்பாட்டுக் கடையில செத்த மாட்டு இறைச்சி' என்று ஒருவர் பதற்றத்துடன் பேசியிருந்தார். நான் ஒரு சொல்லும் சேர்க்காமல் அதனை எமது பள்ளிவாசல் குழுமத்துக்கு அனுப்பினேன். இஷாவுக்கு வந்தவர்கள், 'மௌலவி சொன்னாராமே' என்றனர். நான் சொல்லவில்லை, அனுப்பினேன். அவ்வேறுபாட்டை என்னைத் தவிர எவரும் அறிந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் சந்தியும் ஒன்று, சந்தியில் சாப்பாட்டுக் கடையும் ஒன்று.

ஒரு வாரத்தின் பின் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும், இறைச்சிக் கடைப் பற்றுச்சீட்டுகள் நிறைந்த கோப்பு ஒன்றும் அவர் கையில் இருந்தன. அதன் பிறகே நான் பின்னோக்கித் தேடினேன். என் நண்பருக்கு அவரது மச்சான் அனுப்பியது. மச்சானுக்கு வேறு மாவட்டத்துக் குழுமமொன்றிலிருந்து வந்தது. அதற்கப்பால் தொடர் இல்லை. பதிவில் ஊரின் பெயரே கிடையாது. அது சென்ற ஒவ்வோர் ஊரும் 'நம்மட சந்தி' எதுவெனத் தானே முடிவு செய்துகொண்டது.

திருத்தம் எழுதி அனுப்பினேன், ஜும்ஆவிலும் அறிவித்தேன். முதற் பதிவைத் திறந்தவர்களில் பாதிப் பேர்கூடத் திருத்தத்தைத் திறக்கவில்லை என்பதைக் குழுமத்தின் நீலக்குறிகள் காட்டின. மூன்று மாதங்களில் கடை மூடப்பட்டது. அவர் இப்போது முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். சென்ற மாதம் அவரது வண்டியில் ஏறினேன். அந்தக் கோப்பு இன்னும் கண்ணாடியின் கீழே கிடக்கிறது. 'இதை ஏன் நானா வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

'மௌலவி, அந்தக் குரல் ஆர்ட எண்டு இன்னும் தெரியல்லையா?' என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.